வைக்கத்தில் நாலு ரோடு!

வைக்கம் மகாதேவர் கோயில் வாசலில் சட்டையைக் கழற்றச் சொன்ன நிமிஷத்தில்தான் என் தொப்பையின் முழு விஸ்தீரணமும் எனக்கே தெரியவந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடி முகம் மட்டும் தெரிகிற சைஸ். அதனால் இத்தனை வருஷம் தப்பித்திருந்தேன்.

"மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டு நட. கொடிமரம் வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும்" என்றான் நண்பன். அவனுக்கென்ன, காலேஜில் இருந்த அதே இடுப்பு.

நண்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். அப்புறம் பி.காமிலும் பக்கத்து ஸீட். ஒரே டெபிட், ஒரே கிரெடிட் படித்தோம். அவன் பாங்க் பரீட்சை எழுதி ஆபீஸராகி எர்ணாகுளத்தில் குடியேறினான். நான் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாத துக்கத்தில் எழுத வந்துவிட்டேன். "ஒரு தடவை வாடா. உனக்கு ஒரு ரோடு காட்டறேன்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ரோடு பார்க்க எவனாவது ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வருவானா? வந்தேன். திருவனந்தபுரம் மெயிலில் அப்பர் பெர்த், கீழே மூன்று குழந்தைகள், நாலு விதமான அழுகை. அதை விடுங்கள்.

எர்ணாகுளத்திலிருந்து அவன் பைக்கில் வைக்கம். அவன் ஓட்ட, நான் பின்னால். பள்ளிக்கூட நாளிலிருந்தே அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு சைக்கிள் என்னுடையது, மிதி அவனுடையது. இன்றைக்கு வண்டியும் அவனுடையது. நான் மட்டும் அதே பின் ஸீட். வாழ்க்கையில் முன்னேற்றம் என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். கேரளத்தில் பல கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஏன் என்று கேட்டால் காற்று, வெளிச்சம், தெய்வ சக்தி என்று ஆளுக்கு ஒரு பதில். 2024 டிசம்பர் 31ம் தேதி சிவகிரி விழாவில், அந்த மடத்துத் தலைவரே இந்த வழக்கத்தை எடுத்துவிடலாம் என்றார். யாருக்குப் பூணூல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் இது என்பது அவர் வாதம். அதே மேடையில் இருந்த முதல்வர் பினராயி விஜயன் அதை ஆமோதித்தார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ரகளை. "கோயில் வழக்கத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கலாமா?" என்று நாயர் சங்கம் கேட்டது.

நல்ல கேள்வி. ஆனால் இந்த ஊரில் நின்று கேட்கக் கூடாத கேள்வி. கோயிலும் அரசாங்கமும் ஒருத்தர் மூக்கில் ஒருத்தர் எப்போது நுழைந்தார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தால் வைக்கத்தில் ஒரு ஆடிட்டர் குடும்பமே நாலு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம்.

சாமி கும்பிட்டோம். வெளியே வந்து சட்டையை மாட்டியதும் எனக்கு உயிர் வந்தது. "சரி, அந்த ரோடு எங்கே?" என்றேன்.

"அதான் நிக்கிறியே" என்றான்.

சாதாரண ரோடுதான். ஆட்டோ, ஸ்கூட்டர், பூக்கடை, லாட்டரிச் சீட்டு விற்கிறவர், வாழைப்பழ வறுவல் வாசனை. யூனிபார்மில் ரெண்டு பெண்கள் சைக்கிளில் பேசிக்கொண்டே போனார்கள். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் இந்த மாதிரி நாலு ரோடு. இதற்காகத்தான் அறுநூறு நாள் சண்டை.

நம் ஊரில் பலபேர் வைக்கம் போராட்டம் என்றால் கோயிலுக்குள் நுழைய நடந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை ஸார்! கோயிலுக்குள் போவது அப்புறம். கோயிலுக்கு வெளியே, மதிலுக்கு வெளியே, அரசாங்கப் பணத்தில் போட்ட ரோட்டில் நடக்கத்தான் போராட்டம். ரோட்டில் ஒரு இடத்தில் பலகை இருக்கும். அதற்கு மேல் ஈழவரும் புலையரும் வரக்கூடாது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். கிறிஸ்தவர் போகலாம். முஸ்லிம் போகலாம். ஆடு, மாடு, நாய் பற்றிப் பிரச்னையே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒரு ஈழவர் நேராக சர்ச்சுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு மத்தாயி ஆகிவிட்டால், திரும்பி வந்து அதே ரோட்டில் கைவீசி நடக்கலாம். ஹிந்துவாக இருந்தால் தடை, ஹிந்துவாக இல்லாவிட்டால் வழி. ஹிந்து மதத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வைத்த பலகை ஹிந்துக்களுக்கு வெளியே போகிற வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி தன் சொந்த வாடிக்கையாளரை அடித்துத் துரத்தி, எதிர்க் கடையின் விலாசத்தையும் கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

"சரி, ரோடு யாருடையது?" என்று கேட்டேன். பி.காம் படித்தவனுக்கு முதலில் தோன்றுவது டைட்டில் டீட்தான்.

"அதாண்டா பிரச்னையே" என்றான் நண்பன். டீக்கடையில் உட்கார்ந்தோம். பாங்க் ஆபீஸர் இல்லையா, கடன் மனு பரிசீலிக்கிற தோரணையில் ஆரம்பித்தான்.

1750ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யத்தையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்தார். அன்று முதல் ராஜாவுக்குப் பெயர் பத்மநாப தாசன். முதலாளி அனந்த சயனத்தில் இருக்கிறார். ராஜா வெறும் மானேஜர். மானேஜரை எதிர்த்தால் முதலாளியை எதிர்த்த மாதிரி. இதைவிடப் பத்திரமான நாற்காலி எந்த ராஜாவுக்காவது கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்.

அப்புறம் வந்தார் கர்னல் மன்றோ. வெள்ளைக்காரர், கிறிஸ்தவர், பிரிட்டிஷ் ரெசிடெண்ட். கொஞ்ச நாள் திவானும் அவரேதான். 1811-12ல் நூற்றுக்கணக்கான கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டார். நிலத்தின் வருமானம் கஜானாவுக்கு. கோயில் பூஜை, விளக்கு, நைவேத்தியம் எல்லாம் கஜானா செலவில். அதாவது, கோயிலை நடத்துவது நில வரி இலாகா! இங்கேதான் ஆபீஸ் போகிற நாம் கவனிக்க வேண்டும். கோயில் வேலையும் அந்த இலாகாவில் இருப்பதால், கோயிலுக்குள் போகமுடியாதவனுக்கு நில வரி இலாகாவில் உத்தியோகம் கிடையாது. ஈழவர், புலையர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் அவுட். எவ்வளவு படித்திருந்தாலும் சரி. வரி கட்டலாம், வசூலிக்க முடியாது. மனு மேல் மனு, கூட்டம் மேல் கூட்டம் போட்டு, கடைசியில் 1922ல்தான் தேவஸ்வத்தைத் தனி இலாகாவாகப் பிரித்தார்கள்.

இலாகாவைப் பிரித்தாகிவிட்டது. ரோடு? வரி வசூலிக்கும்போது அது சர்க்கார் ரோடு. ஈழவர் நடக்க வந்தால் கோயில் ரோடு. ஒரே சொத்தை ரெண்டு லெட்ஜரில் காட்டினால் எங்கள் பாஷையில் அதற்கு வேறு பெயர்!

டி.கே. மாதவன் என்ற ஈழவத் தலைவர் இந்த விவகாரத்தை 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் வரை கொண்டுபோனார். 1924 மார்ச் 30. புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாஹுலேயன், நாயரான கோவிந்த பணிக்கர் மூன்று பேரும் கதர் கட்டி, மாலை போட்டு, பலகையை நோக்கி நடந்தார்கள். போலீஸ் தடுத்து என்ன ஜாதி என்று கேட்டது. நாயர் போகலாம், மற்ற ரெண்டு பேர் போகக் கூடாது. "அவர்கள் போகாமல் நான் போவதாக இல்லை" என்று நாயரும் நின்றுவிட்டார். மூன்று பேரும் கைது. தினம் மூன்று பேர், தினம் கைது. கொஞ்ச நாளில் ஜெயிலில் இடம் போதாதோ என்னவோ, கைது செய்வதை நிறுத்திவிட்டு ரோட்டில் தடுப்புக் கட்டினார்கள். இவர்கள் தடுப்புக்கு எதிரே உட்கார்ந்து ராட்டை சுற்ற ஆரம்பித்தார்கள். ஜூலையில் கேரளத்தையே மூழ்கடித்த பெரிய வெள்ளம் வந்தது. அப்போதும் தண்ணீரில் நின்றுகொண்டு முறை மாற்றி முறை நின்றிருக்கிறார்கள். காவலுக்கு வந்த போலீஸ் படகில்!

தலைவர்கள் எல்லாம் உள்ளே போய்விட, யாராவது வந்து நடத்துங்கள் என்று ஈரோட்டுக்கு அழைப்புப் போனது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த ஈ.வெ.ரா. 1924 ஏப்ரல் 13ல் வைக்கத்தில் இறங்கினார். இறங்கியதும் நடந்ததைப் பிற்காலத்தில் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ராஜா முன்பு டில்லி போகிற வழியில் ஈரோட்டில் இவர் வீட்டு மரியாதையை ஏற்றிருந்தாராம். அந்த நன்றிக்கு போலீஸ் அதிகாரியையும் தாசில்தாரையும் அனுப்பி வரவேற்பு! எதிர்த்துப் போராட வந்த ஆளுக்கு ராஜ விருந்தாளி உபசாரம். அந்த உபசாரம் சில நாள்தான் தாங்கியது. முதல் தடவை ஒரு மாத ஜெயில். வெளியே வந்து மறுபடியும் பேசியதற்கு நாலு மாதக் கடுங்காவல். காலில் விலங்கு, கைதித் தொப்பி, கைதி வேட்டியோடு அவர் வேலை செய்ததை சக கைதியாக இருந்த கே.பி. கேசவ மேனன் தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் வைக்கம் வந்து போராட்டத்தில் நின்றார்கள்.

இவர் ஜெயிலில் இருந்தபோது வைதிகர்கள் இவரை ஒழிக்க சத்ரு சம்ஹார யாகம் செய்ததாகவும், யாகம் நடந்துகொண்டிருக்கும்போதே ராஜா இறந்துபோனதாகவும் பெரியார் சொல்லுவார். யாகத்துக்கு நான் சாட்சி இல்லை. ஆனால் மூலம் திருநாள் மகாராஜா 1924 ஆகஸ்ட் 7ல் காலமானதும், அதையொட்டிக் கைதிகளை விடுதலை செய்ததும் சரித்திரம். பூதம் விலாசம் மாறிப் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். தபால் இலாகாவில் நடப்பதுதானே!

மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்ஜாதிக்காரர்களே திருவனந்தபுரம் வரை நடந்துபோய், ரோட்டைத் திறந்துவிடுங்கள் என்று இருபத்தையாயிரத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி ரீஜெண்ட் மகாராணியிடம் கொடுத்தார்கள். சட்டசபையில் 1925 பிப்ரவரி 7ல் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 21. எதிர்ப்பு 22. ஒரே ஒரு ஆள் ராத்திரி சரியாகத் தூங்கி எழுந்து மனசு மாறி வந்திருந்தால் ரோடு திறந்திருக்கும்.

டீக்கு நண்பன்தான் பணம் கொடுத்தான். நடந்தோம். "உனக்கு ஒரு வீடு காட்டறேன் வா" என்றான். ரோடு முடிந்து வீடு.

பழைய நம்பூதிரி வீடு. இண்டந்துருத்தி மனை என்று பெயர். ஓட்டுக் கூரை, மரத்தூண். இந்த வீட்டு நம்பூதிரிதான் எதிர்ப்பின் தலைவர். 1925 மார்ச் 10ம் தேதி காந்தி இவரைப் பார்க்க இங்கே வந்தார். நம்பூதிரி காந்தியிடம் வர முடியாது. காந்திதான் வர வேண்டும். வந்தவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தீண்டத்தகாதவர்களோடு பழகுகிறவர், தவிரவும் வைசியர். வெளியிலேயே உட்கார வைத்துத்தான் பேச்சு. ஒருத்தன் போன ஜென்மத்தில் செய்த பாவத்துக்கு இந்த ஜென்மத்தில் இந்த ஜாதியில் பிறந்திருக்கிறான், அந்தத் தண்டனையில் நாம் குறுக்கிடலாமா என்பது அவர்கள் கட்சி. காந்தி மூன்று யோசனை சொன்னார். மேல்ஜாதிக்காரர்களிடையே ஓட்டெடுப்பு நடத்துங்கள். அல்லது மத்தியஸ்தர்களை வையுங்கள். அல்லது சாஸ்திரத்தைப் பண்டிதர்கள் பார்த்துச் சொல்லட்டும். எதுவும் எடுபடவில்லை.

இப்போது அந்த வீட்டு வாசலில் சிவப்புக் கொடி. போர்டு மலையாளத்தில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வைக்கம் தாலுகா கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கம்!

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் "ஆமாண்டா" என்பது போல் கண்ணைச் சிமிட்டினான். ஈழவர்களின் பரம்பரைத் தொழில் கள் இறக்குவது. எந்த ஜாதியை ரோட்டில் விடமாட்டேன் என்று இந்த வீடு சொன்னதோ, அந்தத் தொழிலாளர்களின் சங்கம் 1960களில் இந்த வீட்டையே விலைக்கு வாங்கிவிட்டது. நான் கதை எழுதி இப்படி முடித்திருந்தால் ஆசிரியர் "ரொம்ப செயற்கை" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

உள்ளே ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்து, "கேறி வரூ சாரே. இப்போள் ஆர்க்கும் கேறாம்" என்றார். உள்ளே வாங்க, இப்போது யாரும் வரலாம். சொல்லிவிட்டுத் திரும்பப் பேப்பரில் மூழ்கிவிட்டார். தினம் பத்துப் பேருக்கு இதையே சொல்லிச் சொல்லிச் சலித்திருக்கும் போல.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. ஜார்ஜ் ஜோசப் என்ற பாரிஸ்டர், கிறிஸ்தவர், போராட்டத்தில் முன்னால் நின்றார். இது ஹிந்துக்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பாவம், நீங்கள் விலகிக்கொள்ளுங்கள் என்று காந்தி எழுதினார். பஞ்சாபிலிருந்து சீக்கியர்கள் வந்து தொண்டர்களுக்குச் சாப்பாட்டுக் கூடம் திறந்தார்கள். அதுவும் வேண்டாம் என்றார். காந்தியின் காரணம் புரிகிறது. மதச் சண்டையாக மாறிவிடக் கூடாது என்ற பயம். ஆனால் பொது ரோட்டில் நடப்பது குடிமகனின் உரிமையா, ஹிந்துவின் உரிமையா? ஹிந்துவின் உரிமை என்று நம் பக்கத்திலேயே ஒத்துக்கொண்டுவிட்டால், அது கோயில் ரோடு என்று எதிர்க்கட்சி சொல்வதற்குப் பாதிக் கையெழுத்து போட்ட மாதிரிதானே? நண்பனிடம் சொன்னேன். "இதை நீ 1924ல வந்து சொல்லியிருக்கணும்" என்றான்.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தது. சமரசம். நாலு ரோட்டில் வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கிழக்கு மட்டும் கிடையாது. அதுதான் கோயிலின் முன்வாசல் பக்கம். இன்னொரு அழகு: அதுவரை அந்தக் கிழக்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்கூட இனிமேல் போகக் கூடாது. எல்லோரையும் சமமாக நடத்தியாகிவிட்டது பாருங்கள்!

பேசிக்கொண்டே அந்தக் கிழக்கு ரோட்டுக்கு வந்திருந்தோம். மத்தியான வெயில். நண்பன் பைக்கை ஸ்டார்ட் செய்தான். பின்னால் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது, ஏன் என்று தெரியவில்லை, எனக்குச் சட்டென்று ஒரு செயின் ஞாபகம் வந்தது. சைக்கிள் செயின்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் மிதிக்க நான் கேரியரில். எங்கள் தெரு முனையில் பிள்ளையார் கோயில். அங்கே வந்ததும் தினமும் அவன் குதித்து இறங்கிவிடுவான். "செயின் லூஸா இருக்குடா. நீ ஓட்டிட்டுப் போ, நான் நடந்து வரேன்" என்பான். நான் ஏறி ஓட்டுவேன். அவன் தெரு ஓரமாக நடந்து வருவான். தெரு முடிந்ததும் மறுபடி அவன் ஏறி மிதிப்பான். அவன் வீட்டுப் பக்கம் போகிற வழியில் என் டியூஷன். காலனி என்று சொல்லுவோம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே எடுத்துவிடுவதாகத் தமிழக அரசு 2025ல் அறிவித்தது. எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர் இன்னும் அப்படிச் சொல்லித்தான் விசில் அடிக்கிறார்.

மூன்று வருஷம், தினமும் ஒரே இடத்தில் செயின் லூஸ் ஆகிற சைக்கிள்! நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சனிக்கிழமை சைக்கிள் கடையில் கொடுத்து, எட்டு ரூபாய் செலவழித்து செயினை டைட் செய்துகொண்டு வந்தேன். திங்கட்கிழமையும் அவன் இறங்கினான். "கடைக்காரன் ஏமாத்திட்டான்டா" என்றேன். "ஆமா" என்றான். அதோடு சரி. எனக்குத் தெரியாது என்று இதுநாள் வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பின் ஸீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது, தெரியாமலா இருந்தது என்று சந்தேகம் வந்துவிட்டது.

கிழக்கு ரோடும் கோயில் கதவும் ஒன்றாகத் திறந்தது 1936 நவம்பர் 12ம் தேதி. ராஜாவுக்கு வயது 24, சித்திரைத் திருநாள். திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர். ஹிந்துவான யாருக்கும், பிறப்பைக் காரணம் காட்டி, எங்கள் அரசாங்கத்துக் கோயில்களில் தடை இல்லை என்று ஒரு பிரகடனம். அறுநூறு நாள் வெயிலிலும் வெள்ளத்திலும் நின்று கிடைக்காதது ஒரு கையெழுத்தில் கிடைத்தது. ராஜாவின் நல்ல மனசு என்று புகழ்ந்தவர்கள் உண்டு. நல்ல மனசு இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வருஷம், 1935 அக்டோபரில், "நான் ஹிந்துவாகச் சாக மாட்டேன்" என்ற பொருளில் அம்பேத்கர் இயோலாவில் அறிவித்திருந்தார். திருவிதாங்கூரில் ஈழவர்கள் சிலர் மதம் மாறுவது பற்றி வெளிப்படையாகக் கூட்டம் போட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் லட்சக்கணக்கில் இருந்த சமூகம். ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிற சமஸ்தானம். தலை எண்ணிக்கைதான் சட்டசபை ஸீட், உத்தியோகம் எல்லாவற்றுக்கும் கணக்கு என்று ஆகிவிட்ட காலம். வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போகப் போகிறார் என்று தெரிந்ததும் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள் என்பது என் கணக்கு.

அதற்குப் பிறகும் கணக்கு மூடவில்லை. நம் அரசியல் சட்டத்தில் 290ஏ என்று ஒரு ஷரத்து இருக்கிறது. கேரள அரசு வருஷா வருஷம் 46.5 லட்ச ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்குத் தர வேண்டும். 1956ல் கன்னியாகுமரிப் பக்கம் நம்மோடு சேர்ந்ததால், அங்குள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13.5 லட்சம். மதச்சார்பற்ற அரசியல் சட்டத்தில் கோயிலுக்குப் பைசா சுத்தமாகத் தொகை எழுதியிருக்கிறது! கேட்டால், அன்றைக்கு மன்றோ எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இது வாடகை மாதிரி என்பார்கள். அதுவும் நியாயம்தான். இன்று வைக்கம் கோயிலை நடத்தும் தேவஸ்வம் போர்டுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது மந்திரிசபையிலும் சட்டசபையிலும் உள்ள ஹிந்துக்கள். கம்யூனிஸ்டு ஆட்சியில் கட்சிக் கூட்டத்தில் நாத்திகம் பேசுகிற மந்திரி, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஹிந்து மந்திரி. அதே போர்டின் கோயில்களுக்குத்தான் 2017ல் ஆறு தலித்துகள் உட்பட 36 பிராமணரல்லாதவர்களை அர்ச்சகர் வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அரசாங்கம் கோயிலை விட்டு வெளியே போ என்கிறவர்களும் சரி, உள்ளேயே இரு என்கிறவர்களும் சரி, வைக்கத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுப் பேசினால் எனக்குத் திருப்தி.

நம் ஊர் மட்டும் என்ன? திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30ம் தேதி தலித் மக்கள் மாரியம்மனைக் கும்பிடப் போனது போலீஸ் பாதுகாப்போடு. அதே வருஷம் ஜூனில் விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். யாரும் போக வேண்டாம்! கிழக்கு ரோட்டுச் சமரசம் ஞாபகம் வருகிறதா?

வலியகவலையில் தமிழக அரசு கட்டிய பெரியார் நினைவகம் இருக்கிறது. 1994ல் திறந்தது; எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதுப்பித்து 2024 டிசம்பர் 12ல் ரெண்டு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்தார்கள். உட்கார்ந்த நிலையில் பெரியார் சிலை. ஒரு தமிழ்க் குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அய்யப்பனுக்கு மாலை போட்ட நாலு பேர் சிலைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரித்தார்கள். பெரியார் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் படகுத் துறைக்குப் போனோம். காந்தி 1925ல் படகில் வந்து இறங்கிய ஊர் இது. இப்போது இங்கிருந்து தவணக்கடவுக்கு 'ஆதித்யா' என்று சூரிய சக்தியில் ஓடுகிற படகு போகிறது. 2017லிருந்து ஓடுகிறது. சத்தமே இல்லை. பைக்கைக் கரையில் விட்டுவிட்டு ஏறினோம். வேம்பநாட்டுக் காயல் தகரம் மாதிரி பளபளத்தது. ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், மீன் கூடை, ஒரு கல்யாண கோஷ்டி, எல்லாம் தோளோடு தோள்.

நடுக் காயலில் கேட்டுவிட்டேன். "அந்த செயின்... நீ ஏண்டா என்கிட்ட சொல்லலே?"

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?"

பதில் தெரியவில்லை. பதினஞ்சு வயசில் நான் என்ன செய்திருப்பேன்? அப்பாவிடம் போய்க் கேட்டிருப்பேன். அப்பா "உனக்கெதுக்கு இதெல்லாம், படிக்கிற வேலையைப் பாரு" என்றிருப்பார். அதற்குப் பிறகு நான் தனியாக சைக்கிள் மிதித்துக்கொண்டு போயிருப்பேன்.

"எட்டு ரூபாய் போட்டு ரிப்பேர் பண்ணே பாரு" என்று சிரித்தான். "அன்னிக்கு ராத்திரி எங்கம்மாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

"இப்ப அந்தத் தெருவுல ஒண்ணும் பிரச்னை இல்லைல்ல?"

"ஒண்ணும் இல்லை. போன பொங்கலுக்குக் கார்லயே போனேன். பிள்ளையார் கோயில் தாண்டி, உங்க வீட்டு வழியா, மெயின் ரோடு வரைக்கும். யாரும் ஒண்ணும் சொல்லலே."

"அப்புறம் என்ன!"

"கண்ணாடியை ஏத்தி விட்டிருந்தேன்" என்றான். "வீட்டுக்காரி ஏன்னு கேட்டா. ஏ.சி. ஓடுதுன்னேன்."

படகு தவணக்கடவில் இடித்து நின்றது. அதே படகில் திரும்ப வேண்டும். இறங்கி மறுபடி டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றோம்.